அத்தானின் மரத்துக் குருவிச்சை

நான் முப்பது வருடமளவில் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பித்தவள். "ஒப்பிடுக" என்று ஒரு கேள்வி பரீட்சையில் தவறாமல் வரும். தாளின் நடுவில் கோடு கிழி, இடப்பக்கம் ஒன்றை எழுது, வலப்பக்கம் மற்றதை எழுது, ஒற்றுமையை முதலில் சொல்லு, வேற்றுமைக்குப் பிறகு போ என்று சொல்லிச் சொல்லியே என் தொண்டை காய்ந்துபோனது. இன்றைக்கு அந்தக் கேள்வியை எனக்கு நானே போட்டுக்கொள்கிறேன். மா, குருவிச்சை. ஒப்பிடுக. புள்ளி போட ஆளில்லாதபடியால் கோபத்தையும் சேர்த்தே எழுதப் போகிறேன்.

முதலில் மா. எங்கள் வீட்டு வளவில் நின்றது கறுத்தக்கொழும்பான் சாதி மா. பழுத்தாலும் வெளியே பெரிதாக நிறம் காட்டாது, வெட்டினால் உள்ளே செம்மஞ்சள். தென்மராட்சியில் பிறந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஆனால் மாம்பூவை ஒருவரும் பூவென்று மதிப்பதில்லை. தை மாதம் கொப்பு நுனியெல்லாம் கொத்துக் கொத்தாக வரும். ஒவ்வொரு பூவும் கடுகளவு, மங்கல் மஞ்சள், ஈ மொய்க்கும். பெரும்பங்கு கொட்டி முற்றத்தில் மாவாகக் கிடக்கும். ஒரு கொத்தில் ஒன்றோ இரண்டோ காயாகிவிட்டால் அதுவே பெரிய காரியம். அந்தப் பூவை யாரும் தலையில் வைத்ததையோ சாமிக்கு மாலை கட்டியதையோ நான் கண்டதில்லை.

குருவிச்சை அப்படியல்ல, ஆள் எடுப்பானது. விரல் நீளத்துக் குழல் பூ, செம்மஞ்சள் நிறம், நுனியில் கொஞ்சம் பச்சை. தேன்சிட்டுகள் வரிசை கட்டி வரும். பழம் இளஞ்சிவப்பு. அதற்குள் ஒரு பசை இருக்கிறது, கையில் பட்டால் சவர்க்காரத்துக்கும் போகாது. பெருவிரல் அளவுக் குருவி ஒன்று அந்தப் பழத்தைத் தின்றுவிட்டு, பின்பக்கத்தில் ஒட்டிய விதையைக் கொப்பில் தேய்த்துவிட்டுப் பறக்கும். விதை அங்கேயே முளைக்கும். மண்ணே தேவையில்லை. மரப்பட்டைக்குள் ஒரு வேரை இறக்கி, மரம் தன் இலைக்கு அனுப்புகிற தண்ணீரை நடுவழியில் மறித்து எடுத்துவிடும். சாப்பாட்டை மட்டும் தன்னுடைய பச்சை இலையில் தானே சமைத்துக்கொள்ளும். அதனால் புத்தகத்தில் அதற்கு அரை ஒட்டுண்ணி என்று பெயர். அந்த "அரை" என்ற சொல்லை நினைவில் வைத்திருங்கள், எனக்கு அது எட்டு வருடம் உதவியது.

இரண்டும் பூக்கிற தாவரங்கள், இரண்டுக்கும் இரண்டு வித்திலை. அதோடு சொந்தம் முடிந்தது. மாவுக்கு மரமுந்திரிகை ஒன்றுவிட்ட சகோதரம். குருவிச்சையின் சொந்தக்காரர் யாரென்று கேட்டால் பலர் நம்பமாட்டார்கள். சந்தனம். சந்தன மரமும் பக்கத்து மரத்தின் வேரில் தன் வேரை ஒட்டிக் குடிக்கிற சாதிதான். மண்ணுக்குள் நடப்பதால் ஒருவர் கண்ணிலும் படுவதில்லை, மேலே மணக்க மணக்க நிற்கிறது. என் அத்தான், அதாவது அக்காவின் புருசன், நெற்றியில் சந்தனப் பொட்டு இல்லாமல் வாசல் படலையைத் தாண்டியதை நான் ஒரு நாளும் கண்டதில்லை. இந்தப் பொருத்தத்தை வகுப்பில் சொல்ல முடியாமல் போனது எனக்கு இன்னும் கவலைதான்.

அக்கா பிறந்த வருடம் அம்மா வீட்டுக்கு அத்திவாரம் போட்டார். நான் பிறந்த வருடம் மாங்கன்று வைத்தார். வீடு மூத்தவளுக்கு, மரம் இளையவளுக்கு என்று நாங்கள் பல்லு விழாத வயதிலேயே சொல்லி வைத்துவிட்டார். அக்காவுக்குக் கலியாணம் ஆனபோது வளவை இரண்டாகப் பிரித்து வீடுள்ள கிழக்குப் பாதியைச் சீதனமாகக் கொடுத்தார். மேற்குப் பாதியில் நான் இரண்டு அறையில் ஒரு சின்ன வீடு கட்டி அம்மாவோடு இருந்தேன். நடுவில் கிளுவைக் கதியால் ஊன்றிய உயிர்வேலி. வேலியில் இருந்து நாலு முழம் என் பக்கமாக மரம் நின்றது. குசினி யன்னலைத் திறந்தால் முதலில் தெரிவது அதன் அடிமரம்தான். சண்டைக் காலத்தில் நாங்கள் எல்லாரும் வளவை விட்டு ஓடித் திரும்பி வந்தபோது கூரை இல்லை, கதவு இல்லை, மரம் மட்டும் நின்றது. அடிமரத்தில் செல் குண்டுத் துண்டு பட்டு ஒரு பொந்து. அடுத்த வருடமே பட்டை மூடிக்கொண்டது, இரும்பு உள்ளேயே தங்கிவிட்டது.

நான் கலியாணம் செய்யவில்லை. அது வேறு கதை, அதற்கும் அத்தானுக்கும் சம்பந்தமில்லை. நியாயம் நியாயம்தான்.

அம்மா காலமாகி அடுத்த வருடம் எனக்கு வன்னியில் ஒரு பாடசாலைக்கு மாற்றம் வந்தது. மாதத்தில் ஒருமுறை வீட்டுக்கு வருவேன். ஒரு கார்த்திகை மாதம் மழை விடாமல் கொட்டியதால் வரவில்லை. அதற்கடுத்த முறை வந்தபோது வேலி நடந்திருந்தது. மழைக்காலம் கதியால் நடுகிற காலம்; வெட்டி ஊன்றினால் பத்து நாளில் துளிர்த்துவிடும், துளிர்த்த வேலியைப் பார்த்தால் நேற்று நட்டதா பாட்டன் நட்டதா என்று சொல்ல ஏலாது. என் மரத்துக்கு இப்பால், மரத்தடியில் இருந்து ஒரு எட்டுத் தூரத்தில், புதுக் கதியால் வரிசையாகப் பச்சை பிடித்து நின்றது. அத்தான் அப்பால் நின்று மாஞ்சருகு கூட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன அத்தான் உது?"

"வாங்கோ மச்சாள். பழைய வேலி உக்கிப்போச்சு. புதுசா அடைச்சனான்."

"வேலி மரத்துக்கு அங்காலையெல்லோ நிண்டது?"

அவர் விளக்குமாற்றை நிறுத்தவில்லை. "அதுக்கென்ன மச்சாள். உங்களுக்குப் பிறகு எல்லாம் பிள்ளைக்குத்தானே வரப்போகுது. இப்ப எடுத்தாலென்ன, பிறகு எடுத்தாலென்ன?"

பிள்ளை என்றது அவருடைய மகளை, என் பெறாமகளை. எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது. ஐந்து மணித்தியாலம் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தவள், பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. அதற்குள் மனுசன் என்னுடைய வளவிலேயே என்னுடைய செத்தவீட்டை நடத்தி, முப்பத்தோராம் நாள் அந்திரட்டியும் முடித்து, காணியையும் பிரித்துவிட்டார். அதுவும் சிரித்த முகத்தோடு. அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், விசயம் அன்றைக்கே முடிந்திருக்கும்.

காணி உறுதிப் பத்திரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கோடேறுவது என்றுதான் நினைத்தேன். வழக்கு என்று சொன்னதும் அக்கா அழுதுகொண்டு ஓடி வந்தாள். "அந்தாளின்ரை குணம் உனக்குத் தெரியுந்தானே பிள்ளை. ஒரு மரத்துக்காண்டி என்னை நடுவிலை நிப்பாட்டாதை. நீ கோடேறினா நான் உன்ரை வாசல் மிதியன்." எனக்கு இந்த உலகத்தில் இருப்பது அந்த ஒரு அக்கா. உறுதியை அலுமாரியில் திரும்ப வைத்துப் பூட்டினேன்.

அடுத்த ஆனி மாதம் நான் விடுதலை எடுத்து வீட்டில் நின்றபோது அத்தான் படலைக்கு வந்தார். கையில் ஒரு பை. "இந்தாங்கோ மச்சாள், எங்கடை மரத்துப் பழம். நல்ல இனிப்பு." எங்கடை மரம். அது இனிப்பு என்று எனக்கே அறிமுகம் செய்துவைக்கிறார். நன்றி சொல்லி வாங்கினேன். கதவைச் சாத்திவிட்டு, குசினி நிலத்தில் குந்தியிருந்து, பன்னிரண்டு பழத்தையும் ஒரே இருப்பில் தின்றேன். மாம்பால் பட்டு வாயோரம் வெந்து, இரண்டு நாள் வயிற்றால் போனது. அந்தப் பன்னிரண்டாவது கொட்டையைச் சூப்பும்போதுதான் இந்த மனுசனுக்கு இந்த மரத்தில் நிம்மதி இருக்கக்கூடாது என்று தீர்மானித்தேன். எப்படி என்று அப்போது தெரியாது.

எப்படி என்பதைக் குருவி கொண்டுவந்து தந்தது.

வன்னியில் என் காலம் முடிந்து ஊருக்கு மாறி வந்திருந்தேன். ஒரு நாள் காலை தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்துவிட்டு யன்னலால் பார்க்கிறேன். தாழ்ந்த கொப்பு ஒன்றில் பச்சையாக இரண்டு சின்ன இலை. மாவிலை அல்ல. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வேலிக்குப் போய் அண்ணாந்து பார்த்தேன். குருவிச்சை முளை. அந்த நேரத்தில் இரண்டு விரலால் சுரண்டினால் போதும். கை நீட்டினால் எட்டுகிற தூரம். பழைய வேலி இருந்திருந்தால் யோசித்திருக்கவே மாட்டேன். நீட்டிய கையை மடக்கிக்கொண்டு திரும்பி வந்து தேத்தண்ணியைக் குடித்தேன்.

ஒன்றரை வருடத்தில் அது கூடையளவு புதராகிப் பூத்தது. செம்மஞ்சள் பூவைக் கண்டு வீட்டு முன் ஒழுங்கைப் பாதையால் போனவர்கள் நின்று பார்த்தார்கள். சாவகச்சேரிச் சந்தையில் யாரோ அத்தானுக்குச் சொல்லியிருக்கிறார்கள், வீட்டு மாவில் குருவிச்சை பிடித்தால் வீட்டுக்குச் செல்வம் என்று. வேறு யாரோ அது மரத்தைக் கெடுக்கும், வெட்டு என்றும் சொல்லியிருக்கிறார்கள். அத்தானுக்குக் குழப்பம். அத்தான் எத்தனை கெட்டித்தனம் செய்தாலும் படிப்பு என்று வந்தால் என் சொல்லைத் தட்டமாட்டார். பரீட்சைப் பத்திரம் திருத்துகிற மச்சாள் என்று சொந்தத்துக்குள் பெருமையாகவும் சொல்லிக்கொள்வார். ஒரு பின்னேரம் வேலிக்கு வந்து கூப்பிட்டார்.

"மச்சாள், உது மரத்துக்குக் கூடாதோ? வெட்டிவிடவோ?"

நான் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, வகுப்பில் நிற்பதைப் போலவே நேராக நின்று சொன்னேன். "பச்சை இலை கிடக்குத்தானே அத்தான். தன்ரை சாப்பாட்டைத் தானே சமைக்கும். மரத்தின்ரை சாப்பாட்டிலை கை வையாது."

"அப்ப பாரமில்லை?"

"பூக்கிற சாமான், நிண்டிட்டுப் போகட்டும்."

நான் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. கேள்விக்கு விடையாக எழுதியிருந்தால் நானே சரி போட்டிருப்பேன். தண்ணீர் என்ற ஒரு சொல்லை மட்டும் விட்டேன். பிள்ளைகள் அந்தச் சொல்லை விட்டால் பாதிப் புள்ளியை வெட்டுகிறவள் நான். அத்தான் தலையாட்டிக்கொண்டு போனார். அன்றைக்குச் சாப்பாடு எனக்கு இரண்டு கோப்பை இறங்கியது.

அதன் பிறகு நான் ஒன்றுமே செய்யவில்லை, பார்த்துக்கொண்டிருந்தேன். பழிவாங்குவது என்றால் ஓடி ஆடிச் செய்வது என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது யன்னலடியில் இருந்து தேத்தண்ணி குடிக்கிற வேலையாக இருந்தது. ஒன்று இரண்டானது, இரண்டு ஒன்பதானது. குருவிச்சை குந்திய இடத்தில் கொப்பு முழங்கால் வீங்கியதைப் போல முடிச்சு விழுந்து பருக்கும். அந்த முடிச்சுக்கு அப்பாலுள்ள மாவிலை முதலில் சிறுக்கும், பிறகு மஞ்சளாகும், பிறகு நுனிக்கொப்பு விறகாகும். மா பூப்பது வருடாவருடம் குறைந்தது. குருவிச்சை பூப்பது கூடிக்கொண்டு போனது. காய்த்த காயும் கைக்குள் அடங்குகிற அளவில் வெம்பி விழுந்தது. பையோடு படலைக்கு வருகிற வேலை அத்தானுக்கு இல்லாமல் போனது.

மரம் வாடுவதைக் கண்டு கோடைக்குத் தண்ணீர் காணாது என்று அத்தான் முடிவு கட்டினார். மரத்தைச் சுற்றிப் பாத்தி கட்டினார். மோட்டர் பழுதான ஒரு பங்குனி மாதம் முழுக்க, அறுபது வயது மனுசன், கிணற்றில் இருந்து வாளி வாளியாக அள்ளிச் சுமந்து ஊற்றினார். நான் யன்னலால் பார்த்தேன், வாளிகளை எண்ணவில்லை. அவர் ஊற்றிய தண்ணீர் வேரால் ஏறி, கொப்பால் போய், முடிச்சடியில் நிற்க, குருவிச்சை மினுமினுவென்று தடித்த இலை விட்டது. எனக்கு அப்போது அவரில் இரக்கம் வந்ததா என்று கேட்டால், ஒரு நாள் வந்தது. அன்றைக்கு அவர் வாளியை வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். நான் அலுமாரியைத் திறந்து உறுதியை எடுத்து ஒருமுறை வாசித்தேன். இரக்கம் போய்விட்டது.

மரத்துக்காக அழவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். அழுதேன். என்னோடு பிறந்த மரம். அம்மா பிள்ளைத்தாச்சியாய் இருந்தபோது சாவகச்சேரியில் இருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்த கன்று. ஆனால் அது அவருக்குக் காய்ப்பதைப் பார்க்கிறபோது வந்த அழுகை இதைவிடப் பெரிதாக இருந்தது. இரண்டையும் வைத்துப் பார்த்து இதைத் தெரிவு செய்தேன். கோபத்தில் தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பப் போவதில்லை.

ஒரு காரியம் மட்டும் முன்யோசனையாகச் செய்தேன். வேலிக்கு மேலால் என் பக்கம் நீண்ட ஒரு கொப்பு இன்னும் சுத்தமாக இருந்தது. எங்கள் பக்கத்து வழக்கப்படி வேலி தாண்டி வந்த கொப்பில் உள்ளது இப்பால் இருக்கிறவருக்குச் சொந்தம். அந்தக் கொப்பில் பென்சில் தடிப்பில் நாலு நுனியை வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றி, மருதனார்மடத்தில் ஒட்டுக்கன்று விற்கிற ஒருவரிடம் கொண்டுபோனேன். நாலில் ஒன்று பிடித்தது. அதைக் கொண்டுவந்து வீட்டின் மற்றப் பக்கம், அத்தான் கண்ணில் படாத மூலையில் வைத்தேன். தாய் மரம் போனாலும் பிள்ளை என்னிடம் இருக்கும் என்று கணக்குப் போட்டேன்.

பெறாமகளுக்குக் கலியாணம் வந்தது. மாப்பிள்ளை கனடா. காலையில் அக்கா வீட்டு வாசலில் நிறைகுடம் வைத்தார்கள், வாழையிலை, நெல், குடம், தேங்காய், சுற்றிவர ஐந்து மாவிலை. நான் பட்டுச்சேலையோடு உள்ளே போகப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். ஐந்தில் மூன்று இலை குருவிச்சை. மாவிலை பிடுங்கப் போனவர் மாமரத்தில் ஏறியிருக்கிறார், கை எட்டிய கொப்பில் பிடுங்கியிருக்கிறார், அந்த மரத்தில் மாவிலையைவிட மற்றதுதான் கூட. குடம் வைத்தவர்களும் பார்க்கவில்லை, விளக்கேற்றிய அக்காவும் பார்க்கவில்லை, ஐயரும் பார்க்கவில்லை. மாமரத்தில் இருந்து வந்த இலை மாவிலை என்று எல்லாரும் நம்பிவிட்டார்கள்.

எனக்கு வந்த சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டேன். அத்தான் வேட்டி சால்வையோடு, புதுச் சந்தனப் பொட்டோடு, அந்தக் குடத்துக்குப் பக்கத்தில் நின்று வாறவர்களைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். அந்தப் படம் எனக்குப் போதும் என்று நினைத்தேன். அப்போது உள்ளே இருந்து பிள்ளை, தலைக்குப் பூ வைத்தது பாதியில் நிற்க, "சித்தி வந்திட்டாவோ?" என்று கேட்கிற சத்தம் வந்தது. நான் தூக்கி வளர்த்த பிள்ளை. என் கோபத்துக்கு அவள் என்ன செய்தவள்? திரும்பி என் வீட்டுக்கு ஓடி, ஒட்டுக்கன்றில் ஐந்து இலையைக் கிள்ளிக்கொண்டு வந்து குடத்தில் மாற்றி வைத்தேன். "என்ன மச்சாள்?" என்று அத்தான் கேட்டார். "இலை வாடிப்போச்சு" என்றேன். வாடாத மூன்று குருவிச்சை இலையையும் மடித்து என் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

பிள்ளை கனடாவுக்குப் போய்விட்டாள். அதன் பிறகு மரம் கெதியாக விழத் தொடங்கியது. மூன்று நாலு வருடத்தில் மரமென்று சொல்ல ஒரு கொப்புத்தான் மிஞ்சியது. தூரத்தில் இருந்து பார்த்தால் பச்சையாகத்தான் இருக்கும், கிட்டப் போனால் அந்தப் பச்சையில் மா இல்லை. என் ஒட்டுக்கன்று ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து கன்னிக் காய்ப்பும் காய்த்தது. அதே பழம், அதே இனிப்பு. நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

குருவிக்கு வேலி தெரியாது என்பதை விஞ்ஞான ரீச்சர் மறந்துபோனாள். ஒரு நாள் கன்றடியில் குப்பை கூட்டும்போது நிமிர்ந்து பார்க்கிறேன், இளங்கொப்பில் பசை. பசைக்குள் விதை. பக்கத்துக் கொப்பில் இரண்டு முளை. நான் எட்டு வருடம் வளரவிட்ட தோட்டத்தில் இருந்து குருவி எனக்கும் பங்கு கொண்டுவந்திருக்கிறது. எனக்கு மட்டுமில்லை. ஒழுங்கை முழுக்க நடந்து பார்த்தேன். தனியாக இருக்கிற ஒரு மனுசி இரண்டு மரத்துக் காயை விற்றுத்தான் பிழைக்கிறாள். அவளின் இரண்டு மரத்திலும் புதர். அவள் படலையில் நிற்காமல் தலையைக் குனிந்துகொண்டு திரும்பி வந்தேன். அத்தானுக்கு விட்ட அம்பு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது அவள் வளவில் போய் விழுந்திருக்கிறது. இதை எழுதவும் எனக்கு வெட்கம்தான்.

அடுத்த நாளில் இருந்து விடிய எழும்பியதும் அலுமினிய ஏணியும் சின்னக் கத்தியும்தான். ஒவ்வொரு கொப்பாகத் தடவிப் பார்த்து விதையைச் சுரண்டுவேன். மாரி தொடங்குவதற்கு முன் ஒரு காலை, ஏணியில் நின்று சுரண்டிக்கொண்டிருந்தபோது பின்னால் இருமல் சத்தம் கேட்டது. அத்தான் படலையால் உள்ளே வந்து, வீட்டைச் சுற்றி, கன்றடிக்கே வந்துவிட்டார். தேங்காய் துருவத் திருவலை கேட்டு அக்கா அனுப்பியிருந்தாள். கன்றையும் அவர் அன்றைக்குத்தான் முதல்முதல் கண்டார்.

"என்ன மச்சாள் பிடுங்கிறியள்?"

"குருவிச்சை."

அவர் என் கையில் இருந்த கத்தியைப் பார்த்தார். "ஏன்? தன்ரை சாப்பாட்டைத் தானே சமைக்குமெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்? நிண்டிட்டுப் போகட்டுமெண்டும் சொன்னனீங்கள்."

சமாளித்திருக்கலாம். இளங்கன்று, அதனால்தான் என்று ஏதும் சொல்லியிருந்தால் நம்பிக்கொண்டு திருவலையோடு போயிருப்பார். ஆனால் அந்தப் பன்னிரண்டு பழமும் தொண்டையில் வந்து நின்றது.

"ஓம் அத்தான். சமைக்கிறதுக்குத் தண்ணி வேணுமெல்லோ. அது ஆரின்ரை கிணத்திலை அள்ளுதெண்டு நீங்கள் கேக்கேல்லையே."

அவருக்கு விளங்க நேரமெடுத்தது. விளங்கியதை நான் மேலே நின்றபடியே பார்த்தேன், முதலில் கண், பிறகு வாய். திரும்பி வீட்டுக் கூரைக்கு மேலால் தெரிந்த தன் மரத்தைப் பார்த்தார்.

"எப்ப இருந்து தெரியும்?"

"படிப்பிக்கத் தொடங்கின நாளிலை இருந்து."

எனக்குள் ஒரு குளிர்ச்சி இறங்கியது. பொய் சொல்லமாட்டேன், இனித்தது. எட்டு வருடம் இதற்காகத்தான் இருந்தேன். அவர் ஏசுவார் என்று பார்த்தேன், அதற்கும் பதில் தயாராக வைத்திருந்தேன். அவர் ஏசவில்லை. சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எத்தினை வாளி இறைச்சனான் மச்சாள்" என்று மட்டும் சொன்னார். திருவலையையும் மறந்துவிட்டுப் போனார்.

மாரி தொடங்கியது. ஒரு காலை இரும்பு அலவாங்கால் மண்ணைக் குத்துகிற சத்தம் கேட்டு யன்னலைத் திறந்தேன். அத்தான் ஒரு கூலியாளோடு நின்று கதியால்களைக் கிளப்பிக்கொண்டிருந்தார். மூன்று நாளில் வேலி திரும்பி நடந்தது. பழைய கிளுவைக் கட்டைகள் உக்கிய இடங்கள் மண்ணில் இன்னும் தெரிந்தன, அதே குழிகளில் நட்டார். மரத்துக்கும் வேலிக்கும் இடையில் அதே நாலு முழம், ஒரு விரல்கூடக் குறையவில்லை. என் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் கோடேறினாலும் கிடைத்திருக்காத மாதிரி என் மரம் எனக்குக் கிடைத்தது. அந்த மாதமே கடைசிக் கொப்பும் காய்ந்தது. மரத்தில் தண்ணீர் ஏறுவது நின்றதும் குருவிச்சைகளும் ஒவ்வொன்றாகக் கருகித் தொங்கின. ஒற்றுமை என்று எழுத எனக்கு இன்னொன்று அகப்பட்டது அப்போதுதான். இரண்டும் ஒரே மாரியில் செத்தன.

காய்ந்த மரம் வீட்டுக் கூரையில் விழும் என்று மரம் அறுக்கிற வாள்காரரைக் கூப்பிட்டேன். அவர் அடிமரத்தைச் சுற்றி வந்து, பட்டை மூடிய பொந்தைக் கையால் தடவிவிட்டுத் தலையை ஆட்டினார். "உதுக்குள்ளை செல் துண்டு கிடக்கு ரீச்சர். வாள் போட்டா பல்லு முறியும். நான் தொடமாட்டன்." இரண்டாவது ஆளும் அதையே சொன்னார். மேல் கொப்புகளை மட்டும் வெட்டுவித்தேன். அடிமரம் குசினி யன்னலுக்கு நேரே, நான் தேத்தண்ணி குடிக்கிற இடத்துக்கு நேரே நிற்கிறது.

அக்கா இரண்டு மாதமாக வாசல் மிதிக்கவில்லை. போன கிழமை வேலிக்கு வந்தாள். முகம் வற்றிப்போயிருந்தது.

"அந்தாள் ஒழுங்காச் சாப்பிடுறேல்லை. காணி வந்திட்டுது, மரமும் வந்திட்டுது. இப்ப உனக்குச் சந்தோசந்தானே?"

"ஓம்" என்றேன்.

"அவரிலை கோவமெண்டா அவருக்கு என்னெண்டாலும் செய்திருக்கலாம். அம்மா வைச்ச மரத்தை ஏனடி சாகவிட்டனி?"

"நீங்கள் என்னைக் கோடேற விடேல்லையே அக்கா."

அதைச் சொன்னபோது அவளுடைய முகத்தைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. பார்த்தேன். என் கோபத்தில் ஒரு பங்கு அவள் மேலும் இருந்தது என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. அவள் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு போனாள். ஏணியைத் தூக்கிக்கொண்டு கன்றடிக்குப் போனேன். அன்றைக்கும் இரண்டு முளை வந்திருந்தன.